இருபத்து நான்கு கறுப்புத் திரைகள்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை குடும்பநல கோர்ட் வராந்தாவில், எட்டு வயது அபி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனாள் அல்லவா? அந்தப் பார்வை கார்குழலியை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

வருகிற புதன்கிழமை மறுபடியும் வாய்தா. "குழந்தையை வளர்க்க இந்த அம்மாவுக்கு நிலையான தொழில் ஏது?" என்று கணவன் விஜயின் வக்கீல் கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டின் மேல், தம்பி எழிலரசனோடு சேர்ந்து நடத்தும் கம்ப்யூட்டர் கடை. ஆர்டர் பிடிப்பதும் சாமான் வரவழைப்பதும் அவள். கழற்றி மாட்டுவது எழில்.

அந்தக் கடைக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, பக்கத்திலிருந்த தனியார் கல்லூரியின் தேர்வுக்கூடம். அரசு எழுத்தர் வேலைக்கான பரீட்சை, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் லாயக்கில்லை என்று பரீட்சை நடத்தும் கம்பெனி ஒதுக்கிவிட்டது. அவசரமாகப் புதிதாக இருபத்து நான்கு வேண்டும்.

"இப்ப வந்திருக்கிற ப்ராசஸர்ல படம் காட்டற வேலையையும் அதுவே பாத்துக்கும் சார். தனியா கிராபிக்ஸ் கார்டே தேவையில்ல" என்று கல்லூரியில் பேசி அந்த வேலையை வாங்கி வந்தவள் கார்குழலி.

எழுதப் போகிறவர்களில் ஒருத்தி எழிலின் மனைவி ஹேமலதா. அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. நான்கு வருடமாக, சமையலறை அலமாரிக் கதவில் குறிப்பு ஒட்டிப் படித்தவள். பெண்களுக்கென்று ஒதுக்கிய அதே கூடத்தில்தான் அவளுக்கும் இடம் விழுந்திருந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி.

எழில் வரிசையாக சுவிட்சைப் போட்டுக்கொண்டே போனான். இருபத்து நான்கு பெட்டிகளிலும் விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரைகள் மட்டும் ஒரு நொடி விழித்து, 'சிக்னல் இல்லை' என்று சொல்லிவிட்டுக் கறுத்துப் போயின.

ஒன்றல்ல, இரண்டல்ல. இருபத்து நான்கும்.

"ஒயரைப் பாரு எழிலு."

"பாத்துட்டேன்க்கா. எல்லாம் சரியாத்தான் இருக்குது." ஓர் ஒயரைப் பிடுங்கி மறுபடியும் செருகினான். "நேத்து கடையில ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தேன். அத்தனையும் ஓடுச்சுக்கா. சத்தியமா ஓடுச்சு."

கார்குழலி ஒரு பெட்டியைப் படுக்க வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். ப்ராசஸர் சில்லின் மேலிருந்த விசிறியை எடுத்துவிட்டு, சில்லின் முதுகில் அப்பியிருந்த சாம்பல் நிறப் பசையைத் துணியால் துடைத்தாள். பொறித்திருந்த எண் தெரிந்தது. எண்ணுக்குக் கடைசியில் ஒரே ஒரு எழுத்து.

எஃப்.

அதே வேகம், அதே அளவு, பார்த்தால் அதே சில்லு. ஆனால் எஃப் போட்டு வருகிற சில்லில் படம் காட்டுகிற பகுதி வேலை செய்யாது. தனியாக கார்டு சொருகினால்தான் திரை விழிக்கும்.

"நேத்து எப்படிடா ஓட்டிப் பாத்த?"

எழில் மெல்லச் சொன்னான். "பெஞ்ச் மேல நம்ம பழைய கார்டு ஒண்ணு கிடக்கும் இல்ல... அதைச் சொருகிச் சொருகி..."

பழக்க தோஷம். கார்டைச் சொருகுவான், படம் வந்ததும் பிடுங்குவான், அடுத்ததில் சொருகுவான். இருபத்து நான்கு தடவை அந்த ஒரே கார்டுதான் படம் காட்டியிருக்கிறது.

"சில்லு வந்த பெட்டியிலகூட எஃப்னு போட்டிருந்துச்சுக்கா. நீ பாத்துதான் வரவழைச்சிருப்பேன்னு நெனச்சிக்கினேன்."

"நான் எஃப் கேக்கவே இல்லடா!"

கம்பெனி சார்பில் மேற்பார்வைக்கு வந்த இராமதாஸ் எட்டு மணிக்கே வந்துவிட்டார். கத்துகிற மனிதர் அல்ல. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ரெண்டு மணிக்குள்ள எல்லாம் ஓடணும் மேடம். இல்லன்னா இந்த சென்டர்ல எக்ஸாம் நடக்கலைன்னு எழுதிடுவேன். போன தடவை இப்படித்தான் ஒரு இடத்துல கோளாறாச்சு. கேஸ் போட்டு மொத்தமும் ரத்தாயிடுச்சு. மறுபடி அறிவிப்பு வர ரெண்டு வருஷம்."

இரண்டு வருடம். ஹேமாவுக்கு அடுத்த மாதமே முடிகிறது.

சென்னைக்குப் போய் சில்லை மாற்றிக்கொண்டு வர நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை, மொத்தக் கடைகள் திறக்கவும் திறக்காது. ஒரே வழி, பழையதோ புதியதோ, சின்னதாக இருபத்து நான்கு கிராபிக்ஸ் கார்டு. கடையில் கிடந்தவை இரண்டு. கார்குழலி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வைத்திக்குப்பத்தில் பிரேம்குமார் ஒரு கேம் சென்டர் நடத்துகிறான். எட்டு கம்ப்யூட்டர்கள், எட்டிலும் சின்ன கார்டுகள். போன வருடம் அவற்றை மாட்டிக் கொடுத்ததே எழில்தான். மீன் ஏலம் முடிந்து படகோரம் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பிரேம்குமார் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமதான் எனக்கு யாவாரமே. எட்டையும் கழட்டிக் குடுத்துட்டு நான் இன்னா பண்றது?"

"பிரேமு, சாயந்தரம் நானே மாட்டிக் குடுத்துடறேன். இருபத்து நாலு பொண்ணுங்க வராங்கடா. கெஞ்சிக் கேக்கறேன்."

"இன்னா எக்ஸாமு?"

"கிளார்க் எக்ஸாம்."

பிரேம்குமார் கடல் பக்கம் திரும்பினான். "என் தங்கச்சி போன தடவ எழுதப் போயிட்டு, எழுதாமலே திரும்பி வந்தாக்கா. அதுக்கப்புறம் அவ புஸ்தகத்தையே தொடல." ஷட்டரைப் பாதியில் நிறுத்தினான். "ஆறு மணிக்குள்ள எனக்கு வந்துடணும். ஸ்க்ரூடிரைவர் வெச்சிருக்கியா?"

இரண்டும் எட்டும் பத்து.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. சட்டைக் குவியல்களையும் பிளாஸ்டிக் பக்கெட்டுகளையும் தாண்டி, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் இரண்டு முறை விரட்டியும் ஸ்கூட்டியை ஓர் ஓரமாகச் செருகிவிட்டு ஓடினாள். பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் புருஷோத்தமன், தார்ப்பாயில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டுக் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

"கிராபிக்ஸ் கார்டா? மூடிப் போன அனிமேஷன் கிளாஸ்ல எடுத்தது ஒரு பதினாலு கிடக்குதும்மா. ஓடுமான்னு என்னைக் கேக்காத. ஓடினா உன் அதிர்ஷ்டம்."

பதினாலையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். பத்தும் பதினாலும் இருபத்து நான்கு! அழுகையும் சிரிப்புமாக வந்தது. கடவுளே, அத்தனையும் ஓட வேண்டும்.

மணி பதினொன்றரை. நெல்லித்தோப்பு சிக்னலில் நின்றபோதுதான் கோபம் வந்தது. ஓரமாக ஒதுங்கி, சாமான் அனுப்பிய சென்னை ஆள் வினோத்குமாருக்குப் போன் போட்டாள்.

"நான் கேட்டது ஒண்ணு, நீங்க அனுப்புனது ஒண்ணா? எஃப் போட்டதை யார் கேட்டது உங்கள?"

"மேடம், சத்தம் போடாதீங்க. வியாழக்கிழம நான் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். நீங்கதான் ஓகே சொன்னீங்க. எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தாள்.

வியாழன், பதினொன்று நாற்பத்திரண்டு. 'மேடம், நீங்க கேட்டது ஸ்டாக் தீந்துடுச்சு. எஃப் மாடல் 24 ரெடியா இருக்கு. அதே ஸ்பீடு. அனுப்பட்டுமா?'

அதற்குக் கீழே, அவள் கையால்: 'ஓகே.'

பதினொன்று நாற்பத்திரண்டு. அபி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் போன நேரம். கையில் போன் துடித்தது. என்னவென்று படிக்காமலேயே எதையோ தட்டியது நினைவு வந்தது. கண் முழுக்க அபிதான் இருந்தாள்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கார்குழலி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். எழிலிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் இப்போது இல்லை. முதலில் மெஷின்கள் ஓடட்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கல்லூரியில் அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்துக்கொண்டு சொருகினார்கள். கடையிலிருந்த இரண்டும் ஓடின. பிரேம்குமாரின் எட்டும் ஓடின. மார்க்கெட் கார்டுகளில் பத்து ஓடின. நான்கு செத்துக் கிடந்தன. துடைத்துப் பார்த்தார்கள், இடம் மாற்றிப் பார்த்தார்கள். புது மதர்போர்டு அந்தப் பழசுகளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

இருபது. நான்கு குறைவு.

மணி ஒன்றேகால். ஒன்றரைக்குக் கேட்டை மூடுவார்கள்.

"ஞாயித்துக்கிழம எக்ஸாம்னா நாலஞ்சு பேர் வரமாட்டாங்கக்கா" என்றான் எழில். "எப்பவும் அப்படித்தான்."

அதைத் தவிர வேறு நம்பிக்கை எதுவும் மிச்சமில்லை. கார்குழலி கேட்டருகே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணாக எண்ணினாள். யாராவது நான்கு பேர் வராமல் போகட்டும். பஸ்ஸைத் தவறவிடட்டும். காய்ச்சலில் படுக்கட்டும். எந்தச் சாமியிடமும் இப்படி அவள் வேண்டிக்கொண்டதில்லை. தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டேதான் இருந்தாள்.

ஹேமலதா பதினேழாவதாக வந்தாள். கையில் ஹால் டிக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும். எழில் அவளை ஓரமாக அழைத்து எதையோ சொன்னான். அவள் முகம் வெளுத்தது.

"என் பொழப்புல ஏங்க இப்படி மண்ணப் போட்டீங்க? ஒரு தடவை அந்த கார்டைப் பிடுங்கிட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"என் தப்புதான் ஹேமா. மொத்தமும் என் தப்புதான்."

நான்கடி தள்ளி நின்ற கார்குழலிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. உள்ளே வருகிறவர்களை எண்ணுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு இருபது பேர். காவலாளி கேட்டின் ஒரு கதவைச் சாத்தினார். கார்குழலி மூச்சு விட்டாள். அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கி, குழந்தையை மாமியார் கையில் திணித்துவிட்டு, செருப்பு ஒன்று கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தாள்.

இருபத்தொன்று.

கேட் மூடியது. ஒரு மெஷின் குறைந்தது.

எழில்தான் யோசனை சொன்னான். கூடத்தின் மூலையில் கல்லூரியின் சர்வர் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் நடத்துவது அதுதான். அதிலும் ஒரு சின்ன கார்டு இருந்தது.

"சார், சர்வருக்குத் திரை வேணும்னு இல்ல. திரை இல்லாமலும் அது பாட்டுக்கு ஓடும். நீங்க உங்க லேப்டாப்புல இருந்து பாத்துக்கலாம். அந்த கார்டைக் கழட்டி இதுல போட்டுடறேன்."

"மறுபடி அது எழும்பலைன்னா?"

"எழும்பும் சார்."

இராமதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே காத்திருக்கும் பெண்களைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"செய்ங்க. ஆனா அதுக்கு முன்னாடி, இந்தக் கோளாறுக்கும் தாமதத்துக்கும் யாரோட கவனக்குறைவு காரணம்னு எழுதிக் கையெழுத்து வேணும். சொல்லிடறேன், எழுதறவங்க பேரு எங்க லிஸ்டுல ஏறும். இனிமே எந்த எக்ஸாம் சென்டர்லயும் அவங்களுக்கு வேலை கிடையாது. கல்லூரிக்கும் ஒரு காப்பி போவும்."

கார்குழலியின் கை பேனாவை நோக்கி அசைந்தது. புதன்கிழமை விஜயின் வக்கீல் அந்தக் காப்பியைக் கோர்ட்டில் விரித்துக் காட்டுவது கண்முன் வந்தது. ஒரு சில்லைப் பார்த்து வாங்கத் தெரியாதவங்க குழந்தையை எப்படிப் பாத்துப்பாங்க, கனம் நீதிபதி அவர்களே?

எழில் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டான்.

"உனக்குப் புதன்கிழம இருக்குதுக்கா" என்றான் அவள் காதோரம். "ஒழுங்கா பாக்காதது நான்தானே."

அவன் எழுதினான். அவன் எழுத்து எப்போதும்போலக் கோணலாக, வலப்பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. கையெழுத்துப் போட்டான். கார்குழலி பக்கத்திலேயே நின்றாள். அவன் தாளைத் தள்ளி வைக்கும்வரை வாய் திறக்கவில்லை.

சர்வர் எழும்பியது. இருபத்தொரு திரைகளிலும் வெளிச்சம் வந்தது. இரண்டு மணிப் பரீட்சை இரண்டு முப்பத்தைந்துக்குத் தொடங்கியது.

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை உள்ளே நாற்காலி நகரும்போதும் எழில் எழுந்து கதவைப் பார்த்தான். அவன் நகக்கண்களில் சாம்பல் பசை காய்ந்திருந்தது. இரண்டு மணி நேரமும் கார்குழலி வாயைத் திறந்து திறந்து மூடினாள். "தண்ணி குடிக்கிறியா?" என்பதற்குமேல் எதுவும் வரவில்லை.

நாலேமுக்காலுக்குக் கதவு திறந்தது. ஹேமலதா கடைசியாக வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எப்படி எழுதின?" என்றான் எழில்.

"கேக்காதீங்க. பாதி கேள்வி கண்ணுக்கே தெரியல. எந்த நிமிஷம் திரை அணையுமோன்னே உக்காந்திருந்தேன்." தோள்பையை இறுக்கிக்கொண்டாள். "நான் கனகசெட்டிக்குளத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். ரெண்டு நாளைக்கு என்னைக் கூப்புடாதீங்க. உங்க முகத்தப் பாத்தா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது."

எழில் தலையைக் குனிந்துகொண்டான். அதைத்தான் கார்குழலியால் தாங்க முடியவில்லை.

"ஹேமா, அவனைத் திட்டாத." போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்து நீட்டினாள். "ஓகே போட்டது நான். படிக்காம போட்டுட்டேன்."

ஹேமா படித்தாள். எழிலிடம் கொடுத்தாள். அவனும் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"எப்ப பாத்த இத?"

"பதினொண்ணரைக்கு. மார்க்கெட்லேர்ந்து வரப்போ."

எழில் போனைத் திருப்பிக் கொடுத்தான். அவன் குரல் உயரவே இல்லை.

"நான் கையெழுத்துப் போடறப்ப, நீ பக்கத்துலதானக்கா நின்ன?"

அபியைச் சொல்லலாம், புதன்கிழமையைச் சொல்லலாம். அதெல்லாம் அவனுக்கே தெரியும். தெரிந்துதான் பேனாவை எடுத்தான்.

"சொல்லியிருந்தாலும் நானேதான் போட்டிருப்பேன்" என்றான். "நீ சொல்லல, அவ்ளோதான்."

"அண்ணி, மதியம் கேட்டாண்ட நான் இவர அந்தப் பேச்சு பேசினேன். நீங்க கேட்டுக்கினுதானே இருந்தீங்க?" என்றாள் ஹேமா.

கார்குழலி அங்கே நிற்கவில்லை. கூடத்துக்குள் போனாள். இராமதாஸ் உறையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கும் ஒரு தாள் வேணும்."

"எதுக்கு மேடம்?"

"தப்பான சில்லை வரவழைச்சது நான். அதை எழுதணும்."

"தம்பிதான் எழுதிட்டாரே. விட்டுடுங்களேன்."

"அவன் எழுதினதுல பாதிதான் உண்மை சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தாளை நீட்டினார். அவள் எழுதினாள். மெசேஜ் வந்த நேரத்தையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்தபிறகும் மனசு லேசாகவில்லை. அபியின் கையை யாரோ இன்னும் கொஞ்சம் தூரமாக இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. இராமதாஸ் இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து உறைக்குள் வைத்தார்.

வெளியே வந்தபோது வராந்தா பெஞ்ச் காலியாக இருந்தது. எழிலின் பைக் நின்ற இடமும் காலி. இருவரும் ஒன்றாகப் போனார்களா, தனித்தனியாகப் போனார்களா? காவலாளியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மணி ஐந்தேகால். ஆறுக்குள் வைத்திக்குப்பம் போக வேண்டும். கார்குழலி கூடத்துக்குத் திரும்பித் தரையில் உட்கார்ந்து, பிரேம்குமாரின் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். மூன்றாவதைக் கழற்றும்போது போன் அடித்தது. அவளுடைய வக்கீல் சுலோசனா.

"கார்குழலி, ஞாயித்துக்கிழம தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க. புதன்கிழமைக்கு உங்க தம்பியத்தான் நம்ம பக்கத்து முதல் சாட்சியா போட்டிருக்கேன். எங்க அக்கா பொறுப்பானவங்க, அவங்கள நம்பித்தான் நான் தொழில் பண்றேன்னு அவர் வாயால வரணும். ஜட்ஜ் அதைத்தான் பாப்பாங்க. வந்துடுவார் இல்ல?"

கார்குழலி கழற்றிய திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். வராந்தாவில் யாரும் இல்லை.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றார் சுலோசனா. "தம்பி வருவார் இல்ல?"